தசை மின்னலை வரைவு

தசை மின்னலை வரைவு (எலெக்ட்ரோமயோகிராபி, சுருக்கமாக ஈ.எம்.ஜி) என்பது எலும்புத் தசைகளில் எழும் மின்னழுத்த மாற்றங்களை மின்முனைகளின் வழியே அளந்து, பதிவு செய்து, அப்பதிவுக்குப் பொருள் காணும் முறை ஆகும். இதயத் தசையின் மின்னியக்கத்தைக் காட்டும் இதய மின்னலை வரைவும், மூளையின் மின்னியக்கத்தைக் காட்டும் மூளை மின்னலை வரைவும் இதனோடு ஒத்த பிற முறைகளாகும்.

கை கால்களில் தோன்றும் தளர்ச்சிக்கும் மெலிவுக்கும் காரணமான பழுது தண்டுவட நரம்பணுவிலா, நரம்பு வேரிலா, நரம்பிலா, நரம்பும் தசையும் கூடும் இடத்திலா, தசையிலேயா என்று பிரித்தறிவதே மருத்துவத்தில் இதன் முதன்மையான பயன். பெரும்பாலும் இது நரம்புக் கடத்தல் ஆய்வுடன் சேர்த்தே செய்யப்படுகிறது. மருத்துவத்துக்கு வெளியே தொழிலியல், விளையாட்டு அறிவியல், செயற்கை உறுப்புப் பொறியியல் ஆகிய துறைகளிலும் இம்முறை பயன்படுகிறது.

உடலியல் அடிப்படை

தண்டுவடத்தின் முன்கொம்பில் உள்ள ஓர் இயக்க நரம்பணு, அதிலிருந்து புறப்படும் நரம்பிழை (ஆக்சான்), அவ்விழை கிளைத்துச் சென்று சேரும் தசை நார்கள் ஆகிய அனைத்தும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு எனப்படும். நுண்ணிய அசைவுகளைச் செய்யும் கண் தசைகளில் ஓர் அலகுக்குப் பத்து அளவிலான நார்களே இருக்கும். உடலின் எடையைத் தாங்கும் கெண்டைக்கால் தசையில் ஓர் அலகுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நார்கள் இருக்கலாம்.

ஓய்வில் இருக்கும் தசை நாரின் உட்புறம் வெளிப்புறத்தை விட ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிவோல்ட் வரை எதிர் மின்னழுத்தம் கொண்டிருக்கும். நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படும்போது இந்நிலை மாறி, ஒரு மின்னலை நாரின் இரு திசைகளிலும் நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. ஓர் அலகின் நார்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இயங்குவதால், அவற்றின் மின்னலைகள் கூடி ஒரே அலையாகத் தென்படும். இதுவே இயக்க அலகு மின்னழுத்தம் ஆகும். ஈ.எம்.ஜி பதிவின் அடிப்படைக் கூறு இதுவே.

வரலாறு

1666இல் இத்தாலிய அறிஞர் ஃபிரான்செசுக்கோ ரெடி, மின்திருக்கை மீனின் அதிர்ச்சி தசையைப் போன்ற ஓர் உறுப்பிலிருந்து வருவதாக எழுதினார். 1791இல் லூயிஜி கால்வானி, தவளையின் கால் தசை மின்சாரத்தால் சுருங்குவதைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். 1849இல் செருமானிய உடலியலாளர் எமில் டூ புவா-ரேமோன், மனிதர் தம் விருப்பப்படி தசையைச் சுருக்கும்போது மின்னோட்டம் எழுவதைக் காட்டினார்.

1922இல் கேசரும் எர்லாங்கரும் எதிர்மின் கதிர் அலைகாட்டியைக் கொண்டு நரம்பின் மின்னலைகளைத் திரையில் காட்டினர். இவ்விருவருக்கும் 1944இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1925இல் லிடலும் செரிங்டனும் இயக்க அலகு என்னும் கருத்தை முன்வைத்தனர். 1929இல் ஏட்ரியனும் பிரோங்க்கும் ஒருமைய ஊசி மின்முனையை உருவாக்கினர். நுண்குழாய் ஒன்றினுள் காப்பிடப்பட்ட கம்பி செல்லும் இவ்வடிவமே சிறு மாற்றங்களுடன் இன்றும் பயன்படுகிறது. 1938இல் டென்னி-பிரவுனும் பென்னிபேக்கரும், நரம்பிழந்த தனி நார்களின் நார்நடுக்கம் வேறு, முழு அலகும் தானே துடிக்கும் தசைத்துடிப்பு வேறு என்று பிரித்துக் காட்டினர். பின்னர் டென்மார்க்கில் புக்தால் குழுவினர் இயல்பான அலைகளின் அளவுகளை வயதுவாரியாகவும் தசைவாரியாகவும் தொகுத்தனர்.

வகைகள்

மேற்பரப்பு ஈ.எம்.ஜி: தோலின் மேல் ஒட்டப்படும் மின்முனைகளால் பதிவு செய்வது. வலியற்றது. பல அலகுகளின் கூட்டு இயக்கத்தையே காட்டும். ஆழத்தில் உள்ள தசைகளைத் தனித்துக் காட்டாது.

ஊசி ஈ.எம்.ஜி: மெல்லிய ஊசி மின்முனையைத் தசையினுள் செலுத்திப் பதிவு செய்வது. ஊசி முனையின் அருகே உள்ள சில அலகுகளைத் தனித்தனியே காட்டும். நோயறிதலுக்குப் பெரிதும் பயன்படுவது இதுவே.

ஒற்றை நார் ஈ.எம்.ஜி: 1960களில் சுவீடனில் ஸ்டோல்பெரியும் எக்ஸ்டெட்டும் உருவாக்கியது. நரம்புத்தசைச் சந்தியின் மிகச் சிறிய பழுதையும் காட்டவல்லது.

பதிவு செய்தல்

தோலின் மேல் கிடைக்கும் மின்னழுத்தம் பொதுவாக 10 மில்லிவோல்ட்டுக்கு உட்பட்டது. அதன் ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்சுக்குக் கீழேயே அமைகிறது. எனவே கணினியில் பதிவு செய்யும்போது நொடிக்கு 1000 மாதிரிகளாவது எடுக்கப்பட வேண்டும். ஊசிப் பதிவில் கூர்மையான அலைகள் வருவதால் ஏறத்தாழ 10 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லை பயன்படுத்தப்படுகிறது.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்வழங்கல் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஆகும். இது தசையின் மின்னியக்கம் செறிந்துள்ள அலைவெண் எல்லைக்குள்ளேயே விழுவதால், வடிகட்டியால் நீக்க முற்பட்டால் தசையின் அலையும் சேர்ந்து குறையும். நில மின்முனையைச் சரியாகப் பொருத்துவதும், தோலைத் தூய்மை செய்து மின்தடையைக் குறைப்பதும், அருகிலுள்ள பிற மின்கருவிகளை அணைப்பதுமே சிறந்த வழி. ஆய்வுக்கு வருவோர் கை கால்களில் எண்ணெயோ களிம்போ தடவிக்கொள்ளாமல் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுவது இதனாலேயே.

கருவியில் திரையுடன் ஒலிபெருக்கியும் உண்டு. பயிற்சி பெற்ற மருத்துவர் பல அலைகளை ஓசையாலேயே அடையாளம் காண்பார். நார்நடுக்கம் தகரக் கூரையின் மேல் விழும் மழைத்துளி போல ஒலிக்கும். தசை இறுக்க நோய்களில் (மயோடோனியா) எழும் அலைத்தொடர், முடுக்கித் தளர்த்தப்படும் மோட்டார் சைக்கிளின் ஓசை போல ஏறி இறங்கும்.

பதிவுக்குப் பொருள் காணல்

ஊசி ஆய்வு ஒவ்வொரு தசையிலும் மூன்று நிலைகளில் நடைபெறுகிறது.

1. ஊசி நுழையும்போது: இயல்பான தசையில் ஊசி நகரும் கணத்தில் மட்டும் சிறு மின்னியக்கம் தோன்றி, 300 மில்லிநொடிக்குள் அடங்கிவிடும். அது நீடித்தால் நார்களின் சவ்வு நிலைகுலைந்துள்ளது எனக் கொள்ளலாம். நார்கள் கொழுப்பாகவோ நாரிழையமாகவோ மாறிவிட்ட தசையில் இவ்வியக்கம் குறைந்துவிடும்.

2. தசை ஓய்வில் இருக்கும்போது: இயல்பான தசை மின்னமைதியுடன் இருக்கும். நரம்பு முனைகள் உள்ள இடத்தில் ஊசி பட்டால் மட்டும் சங்கை காதில் வைத்தது போன்ற ஓசை கேட்கும். நரம்பிழந்த தசையில் நார்நடுக்கமும் நேர்முனைக் கூரலைகளும் ஒழுங்கான இடைவெளியில் தோன்றும். இவை தோலின் மேல் கண்ணுக்குத் தெரியா. தசைத்துடிப்பு கண்ணுக்கும் தெரியும். களைத்த தசையிலும் நலமாக உள்ளோரிடத்திலும் அது தோன்றக்கூடும் என்பதால், தனித்த தசைத்துடிப்பு நோயின் அறிகுறி ஆகாது.

3. தசையைச் சுருக்கும்போது: இயக்க அலகு மின்னழுத்தத்தின் உயரம், நேர அளவு, முகங்களின் எண்ணிக்கை ஆகியவை அளக்கப்படும். கை கால் தசைகளில் நேர அளவு பொதுவாக 5 முதல் 15 மில்லிநொடி வரையும், முகங்கள் நான்குக்கு மிகாமலும் இருக்கும். வலுவைக் கூட்டும்போது புதிய அலகுகள் எவ்வாறு சேர்கின்றன என்பதும் கவனிக்கப்படும்.

இம்மூன்றாம் நிலையிலேயே நரம்பின் பழுதும் தசையின் பழுதும் பிரிந்து தெரிகின்றன. நரம்பின் பழுதில் அலகுகளின் எண்ணிக்கை குறைகிறது. எஞ்சிய அலகுகள், அநாதையான நார்களைத் தம்முடன் இணைத்துக்கொள்வதால் பெரிதாகின்றன. எனவே உயரமான, நீண்ட அலைகள் சிலவே விரைந்து விரைந்து தோன்றும். தசையின் பழுதில் அலகுகளின் எண்ணிக்கை குறைவதில்லை. ஒவ்வோர் அலகிலும் உள்ள நார்களே அழிகின்றன. எனவே சிறிய, குறுகிய, பன்முக அலைகள் தோன்றுவதுடன், சிறிதளவு வலுவுக்கே மிகப் பல அலகுகள் விரைந்து சேர்ந்துவிடும்.

நரம்புக் கடத்தல் ஆய்வு

நரம்பை இரு இடங்களில் மின்துடிப்பால் தூண்டி, துலங்கல் வந்து சேரும் நேரத்தின் வேறுபாட்டைக் கொண்டு கடத்தல் வேகம் கணக்கிடப்படுகிறது. வளர்ந்தோரின் கை நரம்புகளில் இது பொதுவாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேலும், கால் நரம்புகளில் 40 மீட்டருக்கு மேலும் இருக்கும். வேகம் குறைந்தால் மயலின் உறையின் பழுதையும், துலங்கலின் உயரம் குறைந்தால் நரம்பிழைகளின் இழப்பையும் முதலில் ஐயுற வேண்டும்.

உடல் குளிர்ந்தால் வேகமும் குறையும். வெப்பநிலை 1 பாகை செல்சியசு குறையும்போது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறைகிறது. குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தவரின் கையை வெப்பமூட்டாமல் அளந்தால், நலமான நரம்பும் நோயுற்றதாகத் தோன்றலாம்.

உணர்வு நரம்பின் துலங்கல் ஒரு முக்கியமான வழிகாட்டி ஆகும். உணர்வு நரம்பணுவின் உடல், தண்டுவடத்துக்கு வெளியே முடிச்சில் அமைந்துள்ளது. ஆதலால் பழுது முடிச்சுக்கு உட்புறம், அதாவது வேரிலோ தண்டுவடத்திலோ இருந்தால், உணர்வுத் துலங்கல் இயல்பாகவே இருக்கும். நரம்பில் பழுது இருந்தால் அது குறையும்.

காலமும் முடிவும்

நரம்பு வெட்டுப்பட்ட அன்றே ஆய்வு செய்தால், வெட்டுக்குக் கீழே தூண்டும்போது துலங்கல் இயல்பாகவே கிடைக்கும். தசையின் துலங்கல் மறைய ஏறத்தாழ ஒரு வாரமும், உணர்வுத் துலங்கல் மறைய ஏறத்தாழ பத்து நாட்களும் ஆகும். ஊசிப் பதிவில் நார்நடுக்கம் தோன்ற இரண்டு அல்லது மூன்று வாரங்கள் ஆகும். எனவே அடிபட்ட முதல் வாரத்தில் எடுத்த பதிவு நன்றாக உள்ளது என்பதால் நரம்பு நன்றாக உள்ளது என்று கொள்ளலாகாது. நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்வதால், மீட்சியின் அறிகுறிகளைக் காணச் சில மாதங்கள் கழித்து மீண்டும் ஆய்வு செய்ய வேண்டியிருக்கும்.

எடுத்துக்காட்டு: நெசவாளர் ஒருவரின் கை மெலிவு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, தேசூர் முதலிய ஊர்களில் பட்டு நெசவு நடைபெறுகிறது. தறியில் அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதற்கு விரல்களின் நுண்ணுணர்வும், கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிப் பிடிக்கும் வலுவும் தேவை. இப்பிடிப்பைத் தரும் உள்ளங்கைத் தசைகள் சிறியவை. அவை மெலிந்தால் தொழிலே நின்றுவிடும். இவ்வாறு கை மெலிந்த ஓர் இளம் நெசவாளரிடத்தில் கீழ்க்கண்ட நான்கு நிலைகளுள் எதுவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றின் மருத்துவமும் முடிவும் முற்றிலும் வேறானவை.

மணிக்கட்டுக் குகை நோய்: மணிக்கட்டில் நடு நரம்பு நெருக்கப்படுவது. இரவில் விரல்கள் மரத்துப்போகும். நடு நரம்பின் உணர்வுத் துலங்கலும் இயக்கத் துலங்கலும் மணிக்கட்டைக் கடக்கத் தாமதமாகும். கட்டைவிரல் மேட்டுத் தசையில் நார்நடுக்கம் இருந்தால் நரம்பிழைகள் அழியத் தொடங்கிவிட்டன என்பது பொருள். சிறு அறுவையால் நெருக்கத்தை நீக்க இயலும்.

தொழுநோய் நரம்பழற்சி: முழங்கையின் உட்புறத்தில் செல்லும் அல்நார் நரம்பு தடித்து, சுண்டுவிரலும் மோதிரவிரலும் உணர்விழந்து மடங்கும். உணர்வுத் துலங்கல் குறையும் அல்லது மறையும். முழங்கையைக் கடக்கும் பகுதியில் வேகம் குறையும். வலியின்றியே நரம்பு அழியக்கூடும் என்பதால் கடத்தல் ஆய்வு முன்னெச்சரிக்கையாக அமைகிறது. செயலிழப்பு தோன்றி ஆறு மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீட்சிக்கு வாய்ப்பு உண்டு. உலகில் ஆண்டுதோறும் பதிவாகும் புதிய தொழுநோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளனர்.

ஒற்றைக் கை மெலிவு: 1959இல் சப்பானில் இராயாமா விவரித்தது. 1984இல் பெங்களூரில் கௌரி-தேவி குழுவினர் இந்திய நோயாளிகளைக் கொண்டு ஒருறுப்புத் தசை மெலிவு எனப் பெயரிட்டு விவரித்தனர். பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள ஆண்களைத் தாக்கும். உணர்வுத் துலங்கல் இயல்பாக இருக்கும். ஊசிப் பதிவில் கழுத்துத் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி சார்ந்த தசைகளில் நரம்பிழப்பு தெரியும். சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் பெரும்பாலும் தானே நின்றுவிடும்.

தசைமெலிவு பக்க மரப்பு நோய் (ஏ.எல்.எஸ்): இதிலும் உணர்வுத் துலங்கல் இயல்பாகவே இருக்கும், ஊசிப் பதிவில் நரம்பிழப்பும் தெரியும். ஆனால் இது பரவி, மூச்சுத் தசைகளையும் தாக்கி, பெரும்பாலோரில் சில ஆண்டுகளில் உயிரைப் பறிக்கும்.

இறுதியில் கூறிய இரண்டும் தொடக்கத்தில் ஒரே கையின் ஊசிப் பதிவில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். எனவே அக்கையின் பதிவை மட்டும் கொண்டு முடிவு கூறுதல் தவறு. மறு கை, கால்கள், முதுகுத் தசைகள், நாக்கு ஆகியவற்றையும் ஆய்ந்து, பழுது எத்தனை பகுதிகளில் பரவியுள்ளது என்று காண வேண்டும். சுண்டுவிரல் பக்கத் தசை கூடுதலாக மெலிந்திருப்பது இராயாமா நோயையும், கட்டைவிரல் பக்கத் தசை கூடுதலாக மெலிந்திருப்பது ஏ.எல்.எஸ் நோயையும் சுட்டும். கழுத்தைக் குனிந்த நிலையில் எடுக்கும் காந்த அதிர்வுப் படமும், சில மாதங்கள் கழித்துச் செய்யும் மறு ஆய்வும் ஐயத்தைத் தீர்க்கும். இருபது வயது இளைஞருக்கு, நின்றுவிடக்கூடிய மெலிவைக் கொல்லும் நோய் என்று கூறுவதும், பரவும் நோயைப் புறக்கணிப்பதும் ஒன்றுக்கொன்று குறையாத பிழைகள்.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்

1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி அத்துறைப் பணியைத் தொடங்கினார். 1970இல் மீனாட்சிசுந்தரம், செகநாதன், இராமமூர்த்தி ஆகியோர், சென்னையில் இளவயதினரிடம் காணப்பட்ட தனிவகை இயக்க நரம்பணு நோய் ஒன்றை விவரித்தனர். கை கால் மெலிவுடன் முகம், நாக்கு, தொண்டைத் தசைகளின் தளர்ச்சியும் செவித்திறன் இழப்பும் இதில் காணப்படும். ஏ.எல்.எஸ் நோயை விட மிக மெதுவாகவே வளரும். இது மருத்துவ உலகில் மெட்ராசு இயக்க நரம்பணு நோய் என்றே வழங்குகிறது.

வேலூரில் 1940களின் பிற்பகுதி முதல் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தசைநாண் மாற்று அறுவையை வளர்த்தெடுத்தார். உள்ளங்கைத் தசைகள் செயலிழந்தாலும் முன்கையின் பல தசைகள் நலமாகவே இருக்கின்றன என்பதே இவ்வறுவையின் அடிப்படை. இத்தகைய அறுவைக்கு முன் எத்தசை முழு வலுவுடன் உள்ளது என்று உறுதி செய்யவும், அறுவைக்குப் பின் அத்தசைக்குப் புதிய வேலையைப் பழக்கவும் ஈ.எம்.ஜி உதவக்கூடும்.

1987இல் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்கவும் காரல்லியத்தவும், கரிமப் பாசுபரசுப் பூச்சிக்கொல்லி நஞ்சின் இடைநிலைத் தளர்ச்சியை விவரித்தனர். நஞ்சுண்டவர் முதற்கட்ட ஆபத்தைக் கடந்த பின், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்வதே இதுவாகும். நரம்பை அடுத்தடுத்துத் தூண்டும்போது தசையின் துலங்கல் படிப்படியாகக் குறைவது, பழுது நரம்புத்தசைச் சந்தியில் உள்ளதைக் காட்டுகிறது. தேறிவிட்டார் என்று கருதி நோயாளியைக் கண்காணிப்பிலிருந்து விடுவிப்பது உயிருக்கே கேடாகலாம்.

தொழிலியலில் பயன்பாடு

நெசவு, தையல், கணினித் தட்டச்சு போன்ற தொழில்களில் எந்தத் தசை எப்போது, எவ்வளவு சுமை தாங்குகிறது என்பதை மேற்பரப்பு ஈ.எம்.ஜி காட்டும். மின்முனைகளைத் தசை நாரின் திசையில், 20 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டுவது ஐரோப்பியப் பரிந்துரை ஆகும். ஒரே வலுவைத் தொடர்ந்து தரும் தசை களைக்கும்போது, அலையின் உயரம் கூடும். அதன் இடைநிலை அலைவெண் குறையும். இதனைக் கொண்டு இருக்கையின் உயரம், ஓய்வு இடைவெளி ஆகியவற்றை ஒப்பிட இயலும்.

தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பின் தடிமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவரின் மில்லிவோல்ட் அளவை மற்றவரின் அளவோடு நேரே ஒப்பிடலாகாது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற உச்ச வலுவைத் தரும்போது கிடைக்கும் அளவின் விழுக்காடாக மாற்றிய பின்னரே ஒப்பிட வேண்டும்.

வரம்புகளும் எச்சரிக்கைகளும்

ஊசி ஆய்வில் சிறிது வலி உண்டு. குருதி உறைவெதிர் மருந்து உட்கொள்வோரும், இதய முடுக்கி பொருத்தியவரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மற்றொருவருக்குப் பயன்படுத்தலாகாது. ஊசி பட்ட தசையில் சிறு அழற்சி ஏற்படுவதால், திசு ஆய்வுக்கு வேறு தசையையே தேர்ந்தெடுப்பர்.

மூளையில் ஏற்படும் பழுதை இம்முறை நேரடியாகக் காட்டாது. உணர்வைக் கடத்தும் மிக மெல்லிய நரம்பிழைகளின் பழுதும் இதில் தெரியாது. பதிவு இயல்பாக இருப்பதால் மட்டும் நோயாளியின் வலி பொய்யாகிவிடாது. நோயாளியின் கூற்று, உடற்பரிசோதனை, காலப்போக்கு ஆகியவற்றோடு சேர்த்தே பதிவுக்குப் பொருள் காண வேண்டும்.

இவற்றையும் பார்க்க

இயக்க அலகு
நரம்புத்தசைச் சந்தி
மணிக்கட்டுக் குகை நோய்
தொழுநோய்
இதய மின்னலை வரைவு
மூளை மின்னலை வரைவு